வாக்குகளும் இருக்கைகளும்: 2021 சட்டமன்றத் தேர்தலில் திண்டுக்கல் மாவட்ட முடிவுகள்

ஆய்வுச் சுருக்கம்

2021ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் திண்டுக்கல் மாவட்டத்தின் ஏழு தொகுதிகளுள் நான்கைத் தி.மு.க. அணியும் மூன்றை அ.இ.அ.தி.மு.க. அணியும் வென்றன. இம்முடிவு இரு அணிகளும் ஏறத்தாழச் சம வலிமையுடன் இருந்தன என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆனால், மாவட்டம் முழுவதும் பதிவான வாக்குகளைக் கூட்டிப் பார்க்கும்போது, தி.மு.க. அணியின் முன்னிலை மாநிலச் சராசரியைவிட மிகுதியாக இருந்தமை தெரியவருகிறது. மிகுதியான வாக்கு முன்னிலை குறைவான இருக்கை விகிதத்தையே தந்தது ஏன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆத்தூர் என்னும் ஒரே தொகுதியில் குவிந்த வாக்குகளும், அணிகளுக்குள் நிகழ்ந்த தொகுதிப் பங்கீடும் இதற்குக் காரணங்களாக எடுத்துக்காட்டப்படுகின்றன. வேல்ஸ் நாடாளுமன்றத்திற்கு அதே ஆண்டு மே மாதம் நடைபெற்ற தேர்தல் ஒப்பீட்டிற்காகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: திண்டுக்கல், சட்டமன்றத் தேர்தல், எளிய பெரும்பான்மை முறை, வாக்கு வித்தியாசம், தொகுதிப் பங்கீடு, விகிதாசாரப் பிரதிநிதித்துவம், வேல்ஸ்.

முன்னுரை

தேர்தல் முடிவுகள் பொதுவாக இரண்டு எண்களால் நினைவுகூரப்படுகின்றன. ஒன்று, கட்சிகள் வென்ற இடங்களின் எண்ணிக்கை. மற்றொன்று, வெற்றி பெற்றவரின் வாக்கு வித்தியாசம். முதல் எண் ஆட்சியைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் எண் செய்தியாகிறது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள உறவு போதிய அளவு ஆராயப்படுவதில்லை. ஒரு மாவட்டத்தின் மக்கள் எவ்வாறு வாக்களித்தனர் என்ற கேள்விக்கு இடங்களின் எண்ணிக்கையை விடையாகக் கொள்ளும்போது பிழையான முடிவுகளுக்கு வர நேர்கிறது.

இதனை விளக்கத் திண்டுக்கல் மாவட்டம் பொருத்தமான களமாகும். 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டம் பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை (தனி), நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர் ஆகிய ஏழு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. திண்டுக்கல் நகரம், அதனைச் சூழ்ந்த சமவெளி, ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டையின் பூ விளைச்சல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகள், சின்னாளபட்டியின் கைத்தறி எனத் தொகுதிக்குத் தொகுதி வாழ்வாதாரம் வேறுபடுகிறது. முதல் ஆறு தொகுதிகளும் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் அடங்குகின்றன. வேடசந்தூர் மட்டும் கரூர் மக்களவைத் தொகுதியைச் சார்ந்தது.

2016ஆம் ஆண்டுத் தேர்தலிலும் இம்மாவட்டத்தில் தி.மு.க. அணி நான்கு இடங்களையும் அ.இ.அ.தி.மு.க. மூன்று இடங்களையும் பெற்றன. அவ்வாண்டு மாநிலத்தில் அ.இ.அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது, 2021இல் ஆட்சி தி.மு.க.வின் கைக்கு மாறியது. மாநிலத்தில் ஆட்சி மாறியபோதும் மாவட்டத்தின் எண்ணிக்கை மாறவில்லை. எனினும், அந்த எண்ணிக்கைக்குள் இரண்டு தொகுதிகள் கைமாறின. நத்தம் தி.மு.க.விடமிருந்து அ.இ.அ.தி.மு.க.விற்கும், வேடசந்தூர் அ.இ.அ.தி.மு.க.விடமிருந்து தி.மு.க.விற்கும் சென்றன. மாறாத எண்ணிக்கை மாறாத வாக்காளர் மனநிலையைக் குறிக்காது என்பதற்கு இதுவே முதற்சான்று.

ஏழு தொகுதிகளின் முடிவுகள்

2021 ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவும் மே 2 அன்று வாக்கு எண்ணிக்கையும் நடைபெற்றன. முதலிரண்டு இடங்களைப் பெற்றோரின் வாக்குகள் வருமாறு:

பழனி: இ.பெ. செந்தில்குமார் (தி.மு.க.) 1,08,566, ரவி மனோகரன் (அ.இ.அ.தி.மு.க.) 78,510, வித்தியாசம் 30,056.

ஒட்டன்சத்திரம்: அர. சக்கரபாணி (தி.மு.க.) 1,09,970, நடராஜ் (அ.இ.அ.தி.மு.க.) 81,228, வித்தியாசம் 28,742.

ஆத்தூர்: இ. பெரியசாமி (தி.மு.க.) 1,65,809, திலகபாமா (பா.ம.க.) 30,238, வித்தியாசம் 1,35,571.

நிலக்கோட்டை (தனி): தேன்மொழி (அ.இ.அ.தி.மு.க.) 91,461, முருகவேல்ராஜன் (மக்கள் விடுதலைக் கட்சி, உதயசூரியன் சின்னம்) 63,843, வித்தியாசம் 27,618.

நத்தம்: நத்தம் விசுவநாதன் (அ.இ.அ.தி.மு.க.) 1,07,762, ஆண்டி அம்பலம் (தி.மு.க.) 95,830, வித்தியாசம் 11,932.

திண்டுக்கல்: திண்டுக்கல் சீனிவாசன் (அ.இ.அ.தி.மு.க.) 90,595, பாண்டி (மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி) 72,848, வித்தியாசம் 17,747.

வேடசந்தூர்: காந்திராஜன் (தி.மு.க.) 1,06,481, பரமசிவம் (அ.இ.அ.தி.மு.க.) 88,928, வித்தியாசம் 17,553.

ஆத்தூரின் வித்தியாசம் அத்தேர்தலில் மாநிலத்திலேயே மிகுதியானது. சேலம் மாவட்டத்திலும் இதே பெயருடைய தொகுதி உண்டு. இங்குக் குறிக்கப்படுவது திண்டுக்கல் நகரை அடுத்துள்ள ஆத்தூர் ஆகும். அருகருகே அமைந்த திண்டுக்கல், ஆத்தூர் ஆகிய இரண்டு தொகுதிகளும் ஒரே நாளில் முற்றிலும் மாறான முடிவுகளைத் தந்தமை கருதத்தக்கது.

கூட்டுத்தொகை காட்டும் முரண்

ஏழு தொகுதிகளிலும் தி.மு.க. அணி வேட்பாளர்கள் பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை 7,23,347. அ.இ.அ.தி.மு.க. அணி வேட்பாளர்கள் பெற்றவை 5,68,722. முன்னிலை 1,54,625 வாக்குகள். இரு அணிகளின் வாக்குகளை மட்டும் நூறாகக் கொண்டால், தி.மு.க. அணியின் பங்கு ஏறத்தாழ 56 விழுக்காடு. எதிரணியின் பங்கு 44 விழுக்காடு.

மாநில அளவில் தி.மு.க. அணி 45.38 விழுக்காடு வாக்குகளையும் அ.இ.அ.தி.மு.க. அணி 39.71 விழுக்காடு வாக்குகளையும் பெற்றன. இவ்விரண்டையும் மட்டும் நூறாகக் கொண்டால் தி.மு.க. அணியின் பங்கு ஏறத்தாழ 53.3 விழுக்காடு. அதாவது, அவ்வணி மாநிலத்தைவிடத் திண்டுக்கல் மாவட்டத்தில் வலுவாக இருந்தது. ஆனால், மாநிலத்தின் 234 இடங்களுள் 159ஐ, அதாவது 68 விழுக்காட்டை வென்ற அவ்வணி, இம்மாவட்டத்தின் ஏழு இடங்களுள் நான்கை, அதாவது 57 விழுக்காட்டை மட்டுமே வென்றது. வாக்குப் பங்கு கூடிய இடத்தில் இருக்கைப் பங்கு குறைந்தது என்பதே இங்குக் காணப்படும் முரண்.

இம்முரணுக்கான விடை ஆத்தூரில் உள்ளது. மாவட்டத்தின் மொத்த முன்னிலையான 1,54,625 வாக்குகளுள் 1,35,571 ஆத்தூரில் மட்டும் கிடைத்தவை. இது ஏறத்தாழ 88 விழுக்காடு. ஆத்தூரை நீக்கினால் எஞ்சிய ஆறு தொகுதிகளில் தி.மு.க. அணிக்கு 5,57,538 வாக்குகள்; எதிரணிக்கு 5,38,484 வாக்குகள். வித்தியாசம் வெறும் 19,054. இந்த ஆறு தொகுதிகளும் மூன்றுக்கு மூன்று எனப் பிரிந்தன.

எளிய பெரும்பான்மை முறையில் ஒரு தொகுதியில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெறுபவரும் ஒன்றேகால் இலட்சத்திற்கு மேல் கூடுதலாகப் பெறுபவரும் பெறுவது ஒரே ஓர் இருக்கைதான். வெற்றிக்குத் தேவையான அளவிற்கு மேற்பட்ட வாக்குகளுக்கு அவையில் இடமில்லை. தி.மு.க. அணி தோற்ற மூன்று தொகுதிகளின் வித்தியாசங்களைக் கூட்டினால் 57,297 வருகிறது. எனவே, தக்கவாறு பிரிந்திருக்குமாயின் 57,300 வாக்குகளே அம்மூன்றையும் வெல்லப் போதுமானவை. ஆத்தூரின் மிகைவாக்கு அதனைப்போல் இருமடங்கிற்கும் மேற்பட்டது. மறுதலையாக, வேடசந்தூரில் 8,777 வாக்காளர்கள் மட்டும் தி.மு.க.விலிருந்து அ.இ.அ.தி.மு.க.விற்கு மாறி வாக்களித்திருந்தால், மாவட்டத்தில் ஒன்றரை இலட்சத்தை ஒட்டிய வாக்குகளால் பின்தங்கிய அணியே நான்கு இடங்களை வென்றிருக்கும். வாக்குகள் எத்தனை என்பதோடு அவை எங்கே விழுந்தன என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஆத்தூர்: 27,147 முதல் 1,35,571 வரை

ஆத்தூரின் முடிவை வேட்பாளரின் தனிப்பட்ட செல்வாக்கினால் மட்டும் விளக்குவது பொதுவழக்கு. இ. பெரியசாமி 1989 முதல் இத்தொகுதியில் பலமுறை வென்றவர் என்பதால் அவ்விளக்கத்திற்கு அடிப்படை உண்டு. ஆயினும், அதே வேட்பாளர் 2016இல் அதே தொகுதியில் பெற்ற வித்தியாசம் 27,147 மட்டுமே. அப்போது அவரை எதிர்த்தவர் அமைச்சராக இருந்த நத்தம் விசுவநாதன். பெரியசாமி 1,21,738 வாக்குகளும் விசுவநாதன் 94,591 வாக்குகளும் பெற்றனர்.

இரு தேர்தல்களையும் ஒப்பிட்டால், பெரியசாமியின் வாக்குகள் 44,071 கூடின. இரண்டாம் இடத்தைப் பெற்றவரின் வாக்குகள் 64,353 குறைந்தன. வித்தியாசத்தில் ஏற்பட்ட 1,08,424 வாக்கு உயர்வில் ஐந்தில் மூன்று பங்கு எதிரணியின் சரிவினால் விளைந்தது. ஐந்தில் இரண்டு பங்கே வென்றவரின் வளர்ச்சியால் விளைந்தது. 2021இல் அ.இ.அ.தி.மு.க. இத்தொகுதியைத் தன் கூட்டணிக் கட்சியான பா.ம.க.விற்கு அளித்தது. வட மாவட்டங்களில் வேரூன்றிய அக்கட்சியின் மாம்பழச் சின்னத்திற்கு இச்சமவெளியில் நிலையான வாக்குத்தளம் இருந்ததில்லை. விசுவநாதனோ நத்தத்திற்குத் திரும்பி, 2016இல் தம் கட்சி 2,110 வாக்குகளில் இழந்த அத்தொகுதியை 11,932 வாக்குகளில் மீட்டார். ஒரு வேட்பாளரின் இடமாற்றமும் ஒரு தொகுதியின் பங்கீடும் இரண்டு தொகுதிகளின் எண்களை ஒருசேர மாற்றியமைத்தன.

தொகுதிப் பங்கீடும் சின்னமும்

ஏழு தொகுதிகளையும் இவ்வகையில் பிரித்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பழனி, ஒட்டன்சத்திரம், நத்தம், வேடசந்தூர் ஆகிய நான்கிலும் இரு பெருங்கட்சிகளும் நேருக்கு நேர் மோதின. அவற்றுள் மூன்றைத் தி.மு.க.வும் ஒன்றை அ.இ.அ.தி.மு.க.வும் வென்றன. ஆத்தூர், திண்டுக்கல், நிலக்கோட்டை ஆகிய மூன்றில் ஏதேனும் ஓர் அணி தன் தோழமைக் கட்சிக்கு இடமளித்தது. அம்மூன்றிலும் இடம்பெற்ற தோழமைக் கட்சியே தோற்றது.

சின்னத்தின் செல்வாக்கு இதற்கு ஒரு காரணமாகலாம். 1973ஆம் ஆண்டு மே 20 அன்று நடைபெற்ற திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில்தான், எம்.ஜி.ஆர். தொடங்கிய புதிய கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் வென்று இரட்டை இலைச் சின்னத்திற்கு முதல் வெற்றியைத் தேடித்தந்தார். அச்சின்னத்தோடு இவ்வட்டார வாக்காளர்களுக்கு உள்ள பழக்கம் அரை நூற்றாண்டைத் தொட்டது. 2019 ஏப்ரல் 18 அன்று இதற்கு ஒரு தெளிவான சான்று கிடைத்தது. அன்று திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்கும், உறுப்பினர் தகுதிநீக்கத்தால் காலியான நிலக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரே நேரத்தில் வாக்குப்பதிவு நடைபெற்றது. மக்களவைக்கு மாம்பழச் சின்னத்தில் நின்ற பா.ம.க. வேட்பாளர் ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் சேர்த்து 2,07,551 வாக்குகளே பெற்று, தி.மு.க.வின் வேலுச்சாமியிடம் 5,38,972 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அதே நாளில் நிலக்கோட்டை இடைத்தேர்தலில் இரட்டை இலை 90 ஆயிரத்திற்கும் மேற்பட்ட வாக்குகளுடன் வென்றது. ஒரே சாவடியில் அடுத்தடுத்து இரண்டு பொத்தான்களை அழுத்திய வாக்காளர்களுள் கணிசமானோர் இரண்டு வெவ்வேறு அணிகளைத் தேர்ந்தெடுத்திருந்தாலொழிய இம்முடிவு இயலாது.

ஆயினும், சின்னம் ஒன்றே அனைத்தையும் விளக்கிவிடாது. 2021இல் நிலக்கோட்டையில் மக்கள் விடுதலைக் கட்சியின் வேட்பாளர் உதயசூரியன் சின்னத்திலேயே நின்றார். எனினும் 27,618 வாக்குகளில் தோற்றார். சொந்தச் சின்னத்தில் நின்ற மார்க்சிஸ்ட் வேட்பாளர் திண்டுக்கல்லில் அதனினும் குறைந்த வித்தியாசத்திலேயே தோற்றார். அதே மார்க்சிஸ்ட் கட்சி திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியை 2001, 2006, 2011 ஆகிய மூன்று தேர்தல்களில் பாலபாரதி மூலம் தொடர்ந்து வென்றதும், 2024 மக்களவைத் தேர்தலில் சச்சிதானந்தம் மூலம் 4,43,821 வாக்கு வித்தியாசத்தில் வென்றதும் நினைவுகூரத்தக்கவை. ஆகவே, தோழமைக் கட்சிக்கு அளிக்கப்படும் இடம் தோல்வியில்தான் முடியும் என்பது விதியன்று. எதிரே நிற்பவர் யார், அவருடைய சின்னம் எது, அவர் பதவியில் இருப்பவரா என்பவையும் சேர்ந்தே முடிவை உருவாக்குகின்றன.

வேல்ஸ்: அதே வாரத்தின் மற்றொரு தேர்தல்

தமிழ்நாட்டில் வாக்குகள் எண்ணப்பட்ட நான்காம் நாள், 2021 மே 6 அன்று, ஐக்கிய இராச்சியத்தின் வேல்ஸ் நாட்டில் அதிகாரப் பகிர்வின்வழி அமைந்த நாடாளுமன்றத்திற்குத் (செனெத்) தேர்தல் நடைபெற்றது. 1997ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பின் பயனாக 1999இல் தோன்றிய அவ்வவை, இந்திய மாநிலச் சட்டமன்றத்தைப் போலவே ஒரு பெரிய அரசுக்குள் வரையறுக்கப்பட்ட அதிகாரங்களைக் கொண்டது. தேர்தல் முறை மட்டும் வேறு.

அன்று அவையின் 60 இடங்களுள் 40 இடங்கள் தமிழ்நாட்டில் உள்ளதுபோலவே எளிய பெரும்பான்மை முறையில் நிரப்பப்பட்டன. எஞ்சிய 20 இடங்கள் ஐந்து மண்டலங்களுக்குத் தலா நான்கு எனப் பிரிக்கப்பட்டு, கட்சிப் பட்டியலுக்கு அளிக்கப்படும் இரண்டாவது வாக்கின் அடிப்படையில் பகிரப்பட்டன. ஒரு கட்சியின் மண்டல வாக்குகளை, அது அம்மண்டலத்தில் வென்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுப்பர்; வகுத்துவரும் ஈவு எந்தக் கட்சிக்கு மிகுதியோ அதற்கு அடுத்த இடம் செல்லும். டி ஹோண்ட் என்னும் பெல்ஜிய அறிஞரின் பெயரால் வழங்கும் இம்முறை, தொகுதிகளில் மிகுதியாக வென்ற கட்சிக்குப் பட்டியலில் இடம் கிடைப்பதை அரிதாக்குகிறது.

தொழிற்கட்சி தொகுதி வாக்குகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு பெற்று 40 தொகுதிகளுள் 27ஐ, அதாவது 67.5 விழுக்காட்டை வென்றது. தி.மு.க. அணி தமிழ்நாட்டில் பெற்ற 68 விழுக்காட்டிற்கு இது மிக நெருங்கியது. ஆனால், பட்டியல் இடங்களுள் மூன்றே அக்கட்சிக்குக் கிடைத்தன. பழமைவாதக் கட்சிக்கும் பிளைட் கம்ரி கட்சிக்கும் தலா எட்டும், தாராளவாத சனநாயகக் கட்சிக்கு ஒன்றும் சென்றன. முடிவில் தொழிற்கட்சி 60இல் 30 இடங்களோடு நின்றது. எளிய பெரும்பான்மை முறை பெருக்கிக் காட்டியதைப் பட்டியல் முறை குறைத்துச் சமன்செய்தது.

இதே வகுத்தல் முறையைத் திண்டுக்கல் மாவட்டத்தின் ஏழு இடங்களுக்கும் இரு அணிகளின் கூட்டுத்தொகையைக் கொண்டு செய்து பார்த்தால், வியப்பிற்குரிய விடை கிடைக்கிறது: தி.மு.க. அணிக்கு நான்கு, அ.இ.அ.தி.மு.க. அணிக்கு மூன்று. நடந்த முடிவும் அதுவே. வேடசந்தூரை நீக்கி, மக்களவைத் தொகுதிக்குட்பட்ட ஆறு இடங்களுக்குக் கணக்கிட்டாலும் மூன்றுக்கு மூன்று என்ற உண்மையான முடிவே வருகிறது. வேல்ஸ் 2024இல் இயற்றிய சட்டம் 96 உறுப்பினர்களையும், தலா ஆறு உறுப்பினர்களைப் பட்டியல் வழியே தேர்ந்தெடுக்கும் 16 தொகுதிகளையும் வகுத்துள்ளதால், ஆறு இடங்கள் கொண்ட இக்கணக்கு வெறும் கற்பனை அன்று.

மாநில அளவில் விகிதத்தை மீறிய முறை மாவட்ட அளவில் விகிதத்தோடு ஒத்துப்போனது, அம்முறையின் இயல்பால் நேர்ந்ததன்று. ஆத்தூரில் குவிந்த வாக்குகள் பயனற்றுப் போனதால் நேர்ந்த தற்செயலே அது. அவ்வாக்குகள் மாவட்டம் முழுவதும் பரவியிருந்தால் ஏழும் ஒரே அணிக்குச் சென்றிருக்கக்கூடும்.

கணக்கீட்டின் வரம்புகள்

மேற்கண்ட கணக்கீடு சில வரம்புகளுக்கு உட்பட்டது. முதலாவது, இரு பெரும் அணிகளின் வாக்குகள் மட்டுமே கூட்டப்பட்டுள்ளன. பிற கட்சிகளும் சுயேச்சைகளும் பெற்றவை சேர்க்கப்படவில்லை. இரண்டாவது, ஒரு வேட்பாளருக்கு விழுந்த வாக்கு முழுவதையும் அணிக்கு விழுந்த வாக்காகக் கொள்வது எளிமைப்படுத்தலே. ஆத்தூரில் பெரியசாமிக்கு வாக்களித்தோர் அனைவரும் பட்டியல் வாக்கைத் தி.மு.க. அணிக்கே அளித்திருப்பர் என்று கூற இயலாது. மூன்றாவது, தேர்தல் முறை மாறினால் கட்சிகளின் உத்தியும் வாக்காளர்களின் தேர்வும் மாறும். எனவே, இக்கணக்குகள் மாற்று முறையில் என்ன நிகழும் என்பதற்கான முன்னறிவிப்பு அல்ல. நிகழ்ந்ததைப் புரிந்துகொள்வதற்கான அளவுகோல் மட்டுமே.

முடிவுரை

திண்டுக்கல் மாவட்டத்தின் நான்குக்கு மூன்று என்ற முடிவைச் சமநிலை என்று படிப்பது பிழை. ஆத்தூரின் 1,35,571ஐ மாவட்டம் முழுவதும் வீசிய அலை என்று படிப்பதும் பிழை. உண்மையில் ஆறு தொகுதிகளில் இரு அணிகளும் ஏறத்தாழ இணையாக நின்றன. ஒரு தொகுதியில் ஓர் அணி தன் முதன்மைக் கட்சியைக் களமிறக்காததால் போட்டி மிகவும் தளர்ந்தது. அத்தளர்வு மாவட்டத்தின் வாக்குக் கணக்கைப் பெரிதும் சாய்த்தபோதும் இருக்கைக் கணக்கில் கூடுதலாக ஓர் இடத்தையும் தரவில்லை.

இதனால் பெறப்படுவன இரண்டு. மாவட்ட அளவிலான தேர்தல் ஆய்வுகளில் இடங்களின் எண்ணிக்கையோடு அணிகளின் கூட்டு வாக்குகளும், அவை தொகுதிகளுக்கிடையே பரவியுள்ள விதமும் சேர்த்தே தரப்பட வேண்டும். அவ்வாறே, வாக்கு வித்தியாசத்தை மக்கள் ஆதரவின் அளவாகக் கொள்வதற்கு முன், எதிரே நிறுத்தப்பட்டவர் யார், எச்சின்னத்தில் நின்றார் என்பது ஆராயப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஆய்வு, அணித் தலைமைகள் தொகுதிப் பங்கீட்டில் எடுத்த முடிவை வாக்காளர்களின் தீர்ப்பாகப் பதிவுசெய்துவிடும்.